புழுதி உட்கார்ந்த நாற்காலிகள்

அன்று காலை அலுவலகத்தில் இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும்: நீள மேசையின் தலைப்பக்கம் மேலாளர், அவருக்கு இடதுகைப் பக்கம் கணக்கர், சன்னலோரம் தட்டச்சு செய்யும் அம்மாள், கிடங்குக் கதவை ஒட்டிய முக்காலியில் கிடங்குக் காப்பாளர். நால்வரும் புழுதி. ஆளாக அங்கே நின்றவள் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருத்திதான்.

அந்த வட்டாரத்தில் யாருக்காவது சீட்டுக் கிழிந்து வேலை போனால், மறுநாள் விடிவதற்குள் அவர் நாற்காலியில் அவர் உருவத்திலேயே புழுதி வந்து உட்கார்ந்துவிடும். மூக்கு, காது, சட்டைப் பையில் பேனா, எல்லாம் அப்படியே இருக்கும். தினமும் பெருக்கி அள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்தால் திங்களன்று மேலாளர் மடியில் இன்னொரு மேலாளர் உட்கார்ந்திருப்பார். அதனால் மற்ற வேலையெல்லாம் படுத்துவிட்ட அந்த நாட்களிலும் துடைப்பம் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் கிராக்கி இருந்தது. "ஆள் போகப் போக உங்க காட்டுலதான் மழைக்கா" என்று மேற்பார்வையாளன் சிரிப்பான். பெருக்குவதற்கு முன் "எந்திரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. யாரும் எழுந்ததில்லை; இருந்தாலும் சொன்னார்கள்.

கிடங்குக் காப்பாளர் அக்காவின் தங்கை புருஷன். வேலை போன அன்று சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியேறியவர் வீடு போய்ச் சேரவில்லை. எங்கே இருக்கிறார் என்ற தகவலும் இல்லை. அக்கா தினமும் அவரைக் கடைசியாகத்தான் பெருக்குவாள், காலிலிருந்து தொடங்கி முகத்தைக் கடைசிவரை விட்டுவைப்பாள். எத்தனையோ முறை தன் கையால் சோறு போட்ட முகம். இதைத் தங்கைக்குத் தெரிவிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தங்கையோ வெளியூரிலிருந்து எழுதியிருந்தாள்: "அங்க எனக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு ஒரு வரி எழுதுக்கா. இல்லேன்னா பிள்ளைய உன்கிட்ட விட்டுட்டு ஏஜெண்டு சொல்ற தேசத்துக்குக் கப்பல் ஏறிடறேன்."

அந்தக் காலையில் மின்விசிறியை யாரோ நிறுத்தாமல் போயிருந்தார்கள். அறையெங்கும் புழுதி கிளம்ப, அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியாமல், வாசல் பெருக்குகிற எவளும் செய்வதுபோல வாளியில் கைவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். அது கிடங்குக் காப்பாளர் மேல் விழுந்தது. அவர் சேறாகி, மதியத்துக்குள் காய்ந்து, எழுந்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சரக்கை எண்ணப் போய்விட்டார்.

சம்பளம் கேட்காத, விடுப்பு எடுக்காத ஆளைக் கண்டதும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற மூவரையும் நனைக்கச் சொன்னார். வாரம் திரும்புவதற்குள் ஊரிலிருந்த அத்தனை அலுவலகங்களிலும் நனைத்தார்கள். நாற்காலிகளில் அதன்பிறகு புழுதி விழவில்லை; பெருக்குகிறவர்களில் பலரை நிறுத்திவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அக்காவை வழியிலேயே மறித்தார்கள்.

"உன் கை சும்மா இருக்காதாடி? எங்க வயித்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? கண்ணு தெரியலடி."

"இப்ப நல்லாத் தெரியுதா?"

தங்கைக்கு எழுத எடுத்த தாளை அக்கா மடித்து உள்ளே வைத்தாள். வராதே என்று எழுதினால் பிள்ளைக்கு அம்மாவும் இல்லாமல் போய்விடும்.

ஆனால் மண் மண்தானே, வெயில் ஏறியதும் வெடிப்பு விட்டது. மண்ணாட்கள் நடக்கிற நடைக்கெல்லாம் மாவாக உதிர்ந்தார்கள். படிக்கட்டில், கோப்பில், பூட்டின் துவாரத்தில் எல்லாம் அதுதான். காலையில் மட்டும் பெருக்கிய இடங்களில் மதியமும் சாயங்காலமும் பெருக்க ஆள் தேடினார்கள். நிறுத்தப்பட்டவர்களையெல்லாம் வீடு தேடிப் போய் அழைத்தார்கள், அப்படியும் போதவில்லை. "தங்கச்சி இருக்குன்னியேக்கா, உடனே வரச் சொல்லு" என்றான் மேற்பார்வையாளன்.

அன்று கிடங்கைப் பெருக்கும்போது அக்கா வழக்கப்படி சொன்னாள்: "எந்திரிங்க மாப்பிள்ளை." அவர் எழவில்லை. துடைப்பம் கிட்டே வந்ததும் இரண்டு காலையும் பதவிசாகத் தூக்கிக்கொண்டார். ஒரு காது மடல் ஏற்கனவே உதிர்ந்து போயிருந்தது. முறத்தில் அள்ளியது எது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தாளைப் பிரித்து எழுதினாள்: "வேலை இருக்கிறது, பிள்ளையோடு புறப்பட்டு வா. உன் வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார். பேச மாட்டார், ஆனால் பெருக்கினால் காலைத் தூக்கிக்கொள்கிறார். கிடங்கைப் பெருக்கும் வேலையை உனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். நீ வரும்வரை நான் மெதுவாகத்தான் பெருக்குகிறேன். சீக்கிரம் வா, முகம் இன்னும் இருக்கிறது."

உறையின் வாயைப் பசை தடவி அழுத்தி ஒட்டி, முகவரியை ஒருமுறை சரிபார்த்து, தெருமுனைப் பெட்டியில் போட்டாள்.