இரண்டாவது டிஸ்க் எழும் நேரம்

தெரிந்தவர்கள் எல்லாரும் அவனை ‘வெட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தொகுப்பு அவன் தொழில். விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டிச் சம்பாதித்ததையெல்லாம் சொந்தமாக ஒரே ஒரு படத்தில் போட்டிருந்தான். மூடப்பட்ட கண்ணாடித் தொழிற்சாலையில் உலை முன்னால் நின்றே நுரையீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றிய படம். பேசும்போதே இருமுவார்கள், இருமிக்கொண்டே சிரிப்பார்கள். அவர்களில் சிலர் இப்போது இல்லை.

எடுத்ததெல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இருந்தது. இடம் போதாதென்று இரண்டையும் சேர்த்து ஒரே கிடங்காக்கியிருந்தான். ஒன்று இல்லாமல் மற்றதைத் திறக்க முடியாது. டிஸ்குகளைக் கணினியோடு இணைக்கும், ரொட்டி சுடும் கருவி மாதிரி இருந்த ஒரு டாக்கில் இரண்டையும் செருகி வைத்திருந்தான். அவனோடு ஒரே வீட்டில் இருந்த அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நகல் எடுத்து வை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, புது டிஸ்க் ஒன்றை அவளே வாங்கிவந்தாள். அது உறை பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

முதலில் டாக் சும்மா சோம்பல்தான் பட்டது. சுவிட்சைப் போட்டால் ஒரு டிஸ்க் சுற்றத் தொடங்கும், மற்றது முனகிவிட்டு அடங்கும். அது எழுவதற்குள் கணினி பொறுமையிழந்து, டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். வெட்டு வயரை மாற்றினான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிடுங்கிச் சுவரிலேயே செருகினான். கணினி முழுதாக எழுந்தபின் டாக்கைப் போட்டுப் பார்த்தான். அடாப்டர் தளர்ந்துவிட்டது, இரண்டு டிஸ்கும் ஒரே சமயத்தில் எழும் அளவுக்கு மின்சாரம் தரவில்லை என்பது அவன் கணிப்பு.

ஒரு காலையில், என்ன நினைத்ததோ, இரண்டும் எழுந்தன. கோப்புகள் திரையில் வரிசையாக வந்தன. வேலைக்குக் கிளம்பிய அக்கா வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

“இப்பவே நகல் எடுடா. அணைக்காத.”

பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, அடாப்டரை மாற்றிவிட்டு நிம்மதியாக எடுக்கிறேன் என்றான் அவன்.

“மூச்சு வந்திருக்கும்போது எதுக்கு நோயைத் தேடிக்கிட்டிருக்க?”

அவளுக்குப் பஸ் நேரமாகிவிட்டது.

டாக்கை அணைத்துவிட்டுப் போய், நண்பனிடமிருந்து அதே அளவு வோல்ட்டில், இன்னும் வலுவான அடாப்டர் ஒன்றை வாங்கிவந்து செருகினான். டாக் உடனே எழுந்தது. அவன் கணிப்பு சரி. அத்தோடு விட்டிருக்கலாம். தற்செயலாக இருக்குமோ என்று அணைத்துப் போட்டான். எழுந்தது. மறுபடி அணைத்துப் போட்டான். தாமதமே இல்லாமல் எழும் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்கு ஆசை அடங்கவில்லை. இத்தனை வாரம் அரைகுறை மின்சாரத்தில் எழுந்து விழுந்த இரண்டாவது டிஸ்க், அப்படி ஒரு முறை போட்டபோது, நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் டக் டக்கென்றது. பிறகு அடங்கிவிட்டது.

புது டிஸ்கின் உறையைப் பிரித்துச் செருகிப் பார்த்தான். டாக் துள்ளி எழுந்தது. டாக்கில் ஒரு குறையும் இல்லை.

டேட்டா மீட்பவர் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உள்ளே தகட்டைப் படிக்கும் முள்ளே அதை உழுதிருக்கிறது, எந்த ஊருக்கு அனுப்பினாலும் இதே பதில்தான் வரும் என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். சாப்பிடு என்று மட்டும் சொன்னாள். அவன் சாப்பிடவில்லை.

படத்தில் பேசியவர்கள் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டுமே. முதலில், இறந்துபோன உலைக்காரர் ஒருவரின் மகளுக்குப் போன் செய்தான். அவன் சொல்லி முடித்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பா குரல் மட்டுமாவது கிடைக்குமா அண்ணே?”

“இல்லம்மா.”

சரி என்றாள். போனை வைக்காமல் இருந்தாள். அவனுக்கும் வைக்கத் தோன்றவில்லை. அங்கே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.