பிள்ளைக்கான சேவல்

கால் கட்டிய சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு கமீசா வரிசையில் நின்றாள். துணி வழியாக அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. முன்னால் நின்ற மாமியார் தியமந்தாவின் இரண்டு கைகளிலும் வெள்ளைப் பெட்டைகள் தலைகீழாகத் தொங்கின. ஒரு பெட்டை கமீசாவுக்கு. மற்றதும் சேவலும் வயிற்றுப் பிள்ளைக்கு. பெண்ணென்றால் பெட்டை, ஆணென்றால் சேவல். எதுவென்று தெரியாததால் இரண்டும். பாவமன்னிப்புக்கான பெருநோன்புக்கு முந்தின நாள், யூதர் குடியிருப்பான எங்கள் ஹாராவின் தெருக்களில் யார் பிள்ளை சுமக்கிறாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவள் கொண்டுபோகும் பறவைகளே சொல்லிவிடும்.

ஆனால் வயிற்றில் பிள்ளை இல்லை. முந்தாநாள் மதியம் மாமியார் சந்தைக்குப் போயிருந்தபோது போய்விட்டது. கமீசா தானே துணிகளைத் துவைத்து மாடியில் உலர்த்தினாள். திரும்பி வந்த மாமியார் கேட்டதற்கு, நோன்புக்காக எல்லாவற்றையும் வெளுத்தேன் என்றாள். செத்தவர்களுக்குச் செய்வதுபோல் பிறக்காத பிள்ளைக்கு யாரும் சட்டையைக் கிழித்துக்கொள்வதில்லை, தரையில் உட்கார்ந்து துக்கம் காப்பதில்லை. அதனால் மறைப்பதும் சுலபமாகவே இருந்தது. புருஷன் ஷூஷான், ஜர்சிஸ் ஊரில் நகை வேலை செய்கிறவன். இன்று மாலை வண்டியில் வருவான். இத்தனை வருஷம் அவளோடு சேர்ந்து காத்திருந்தவன் அவன்தான். முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தாள். காலையில் மாமியார் மூன்று பறவைகளோடு எதிரே வந்து நின்றபோதுதான் இந்த வழக்கம் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

தங்கள் வீட்டு முற்றத்தின் மூலையில் முக்காலியில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தவர் மாமனார் பிராஹம். காலையில் ஒருமுறை ஆசி வாசகத்தைச் சொல்லிவிட்டால், வரிசை முடியும்வரை அவர் வேறு பேச்சுப் பேச மாட்டார். ஊருக்கு அது தெரியும். அன்றைக்குத்தான் எல்லோரும் அவரைச் சீண்டுவார்கள்.

"வருஷம் பூரா உன் புருஷன் இப்படி வாயை மூடிட்டு இருந்தா உனக்கு எவ்வளவு நிம்மதி, தியமந்தா" என்றாள் பின்னால் நின்ற அடுத்த வீட்டு கஸாலா.

"வாய் மூடினா என்னடி, புருவம் பேசுதே. அதுக்குப் பதில் சொல்லியே என் ஆயுசு போச்சு."

பிராஹமின் புருவம் உயர்ந்தது. வரிசை சிரித்தது. கஸாலா எட்டி, கமீசாவின் முகவாயைத் திருப்பிப் பார்த்தாள். முகம் இப்படி வெளுத்திருந்தால் பொண்ணுதான், சேவலுக்குக் கொடுத்த காசு தண்டம் என்று சொல்லிவிட்டாள். கமீசாவும் சிரித்து வைத்தாள்.

அவர்கள் முறை வந்தது. பிராஹம் கத்தியின் விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டினார், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். நகத்தில் தட்டுகிற அளவு பிசிறு இருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது. கழுத்தில் வைத்த பிறகு அழுத்தக் கூடாது, நிறுத்தவும் கூடாது. கண் இமைக்கும் நேரம் நின்றாலும் அந்த இறைச்சி விலக்கு.

தியமந்தா முதல் பெட்டையைக் கமீசாவின் தலைக்கு மேல் சுற்றினாள். இது உனக்கு மாற்று, இது உனக்குப் பதில், இது சாவுக்குப் போகும், நீ நல்வாழ்வுக்குப் போவாய் என்றாள். கமீசா ஆமென் சொன்னாள். பிராஹம் அதை அறுத்து முடித்தார். பிறகு தியமந்தா சேவலை வாங்கிக் குனிந்து, மருமகளின் வயிற்றுக்கு முன்னால் சுற்றினாள். இது சாவுக்குப் போகும், நீ நீண்ட ஆயுசுக்குப் போவாய் என்று, ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் சொன்னாள். கமீசாவின் உதடு அசைந்தது. ஆமென் வரவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சேவலின் காலைப் பிடித்துக்கொள்ள அவள் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கழுத்தை வளைத்து, இறகை ஒதுக்கி, கத்தியை ஓட்டினார்.

"மாமா" என்றாள், அவர் காதுக்கு மட்டும். "பிள்ளை இல்ல மாமா. போயிடுச்சு."

கத்தி நின்றது. உடனே மறுபடி ஓடி முடித்தது, சேவல் துடிக்கக் கூடாதே என்று. ஆனால் நின்றது நின்றதுதான்.

"நின்னுச்சு" என்றாள் கஸாலா. "நான் பார்த்தேன்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. காலையிலேயே அறுத்து வாங்கிக்கொண்டவர்கள் தங்கள் பறவைகளைப் பார்த்தார்கள். பிராஹம் கத்தியைத் துடைத்து மடியில் வைத்தார். பிறகு பேசினார்.

"ஆமா, நின்னுச்சு. இந்தச் சேவலை யாரும் சாப்பிட முடியாது. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"ஏன் நின்னுச்சு, பிராஹம்?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"வயசான கை. நின்னுபோச்சு."

கமீசா நிமிர்ந்து பார்த்தாள். கை நின்றது என்று பேர் வந்துவிட்டால் அடுத்த வருஷம் இந்த வரிசை வேறு வாசலில் நிற்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

"இத்தனை வருஷம் நிக்காத கை இன்னிக்கா நிக்கணும்? அதுவும் பேரனோட சேவல்ல?" தியமந்தா கமீசாவின் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி சொன்னே அவர் காதுல?"

கமீசா தலை குனிந்தாள். தியமந்தா அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். மாடியில் இன்னும் எடுக்காமல் கிடந்த துணிகளைப் பார்த்தாள். கையில் தொங்கிக்கொண்டிருந்த கடைசிப் பெட்டையை நிமிர்த்தி, இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்போ?"

"முந்தாநாள்."

"தனியாவா இருந்தே?"

கமீசா தலையசைத்தாள்.

முறைப்படி அறுத்த பறவையின் ரத்தத்தை ஆசி சொல்லி மண்ணால் மூடுவார்கள். கெட்டுப்போன அறுப்புக்கு அந்தக் கடமை இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். விஷயம் அறியாத கஸாலா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிராஹம் கையை நீட்டித் தடுத்தார். முக்காலியை விட்டு இறங்கி, முழங்காலிட்டு, பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிச் சேவலின் ரத்தத்தின் மேல் தூவினார். ஆசி எதுவும் சொல்லவில்லை. கமீசாவும் ஒரு பிடி எடுத்தாள். வாளியில் தண்ணீர் அசைந்து அடங்கியது. வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

மண்ணின் மேல் சிவப்பு ஊறி வந்தது. அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.