டிக்கெட் கவுண்டரைப் பார்க்கும் அரக்கன்

"அப்போ அந்தம்மா இன்னும் இங்கதான் வேலை பாக்கறாங்களா?"

"எந்தம்மா?"

"டிக்கெட் கொடுத்தவங்க. போர்டுல நீங்கதானே எழுதியிருக்கீங்க, தம்பி?"

எதிரே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பழைய வெல்டரின் மனைவி. வெல்டர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

அவர் சொன்ன போர்டு, பூங்காவில் மாயக்கதைத் தோட்டத்தின் வாசலில் இருக்கிறது. 'சிரிக்கச் சிரிக்க ஒரு வரலாறு' என்று தலைப்பு வைத்திருந்தேன். இளவரசன் சிலையின் குதிரை உண்மையில் கொம்பு அறுக்கப்பட்ட மான் என்பதும், பெயிண்டர் ஏதோ ஞாபகத்தில் கடல்கன்னியின் வாலுக்குச் செருப்பு வரைந்துவிட்டார் என்பதும் அதில் உண்டு. அதெல்லாம் நடந்தவை. கடைசிப் பத்தி மட்டும் என் கைச்சரக்கு. அரக்கன் சிலையின் உடம்பு கோட்டையைப் பார்த்திருக்க, தலை மட்டும் ஏன் பின்னால் திரும்பி டிக்கெட் கவுண்டரைப் பார்க்கிறது? தலையைப் பொருத்திய வெல்டருக்குக் கவுண்டர் பெண்மேல் ஒரு கண். குட்டி ரயிலில் மைக் பிடித்து இதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டல்தான்.

தலையைப் பொருத்திய வருஷம் கவுண்டரில் இருந்தது பெரிய மீசை வைத்த ஒரு ரிட்டயர்டு டிரைவர்.

அரக்கனின் முகத்தில் கீறல் விழக் கூடாதென்று தலையைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். எது முன்பக்கம் என்று படத்தைப் பார்த்துக் கழுத்தில் அம்புக்குறி போடுவது என் வேலை. போட்டேன். "தம்பி, அம்பு சரிதானே? ஒட்டிட்டா அறுக்க முடியாது," என்று வெல்டர் மேலேயிருந்து கேட்டார். நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். தலையைத் தூக்காமலே "சரிதாண்ணே" என்றேன்.

திறப்பு விழாவன்று சாக்கை உருவியபோது மேனேஜர் வெல்டரைத்தான் பிடித்துக் கத்தினார். வெல்டர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் பலூன்களைப் பார்த்தேன்.

"எங்க பொண்ணு அந்த போர்டை போட்டோ புடிச்சு அவர்கிட்ட காட்டினா," என்றார் வெல்டரின் மனைவி. "விழுந்து விழுந்து சிரிச்சாரு. யாருங்க அந்த டிக்கெட்காரம்மான்னு கேட்டேன். அது அந்தத் தம்பிக்குத்தான் தெரியும், போய்க் கேளுன்னாரு. அப்புறம் ஆஸ்பத்திரி, அது இதுன்னு ஆயிப்போச்சு."

"அக்கா, அது சும்மா... சனங்க சிரிக்கட்டும்னு எழுதினது."

"அப்போ தலை எப்படித் திரும்புச்சு? முப்பது வருஷத்துல அவர் கை ஒரு தடவை பிசகினதில்ல. மனசுதான் வேற எங்கயோ இருந்திருக்குன்னு நானும் ரெண்டு மாசமா யோசிச்சுட்டே இருக்கேன்."

மேசைமேல் ஒரு பேனா மூடி கிடந்தது. அதை எடுத்துத் துடைத்தேன்.

"சண்டைக்கு வரல, தம்பி. ரயில்ல அத்தன பேர்கிட்ட சொல்றீங்கல்ல? அதையே இப்போ என் முகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லுங்க."