கொக்கியில் வைத்த கை

பிட்டர் வெல் சந்தையில் காரில் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லரைச் சொன்ன விலைக்கு வாங்கிய ஆள் என்று எவரும் கிடையாது. மின்னசோட்டா குளிருக்குப் பயந்து முதல் தடவையாக அரிசோனாப் பாலைவனத்துக்கு இறங்கி வரும் பென்ஷன்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களும் அடுத்த குளிர்காலத்துக்குள் தேறிவிடுவார்கள். வில்டா ஸ்ட்ராடு அந்தச் சந்தையின் கிழக்கு முனையில் பழைய டிரெய்லர்களை வாங்கிச் சீர் செய்து விற்பவள். என்றைக்காவது விற்கிறவர் சொன்ன விலையைத் தான் கொடுத்துவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிடுவதாக ஊரறியச் சொல்லி வைத்திருந்தாள். ஊரும் அதை மறக்கவில்லை.

அவளுக்குச் சரியான எதிராளி ஓர்வில் டிப்பட்ஸ். அதே தொழில், அதே அறுபது வயது, ஆனால் வேறு பாணி. விற்க வேண்டிய டிரெய்லரிலேயே அவன் குடியிருப்பான், கர்னல் என்கிற கிழட்டு நாயோடு. தான் படுத்து எழுந்த வண்டியில் குறை இருந்தால் தனக்குத் தெரியாதா என்பதுதான் அவனுடைய வியாபாரப் பேச்சு. வண்டி விலை போனதும் நாயையும் காப்பிக் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குக் குடிபோவான். கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவன்கூட வாழ்நாளில் அத்தனை வீடு மாறியிருக்க மாட்டான்.

அந்த ஜனவரிக் காலையில் ஓர்வில் புதிதாக இழுத்து வந்து நிறுத்தியிருந்த குட்டை டிரெய்லரைப் பார்க்க வில்டா போனாள். அதே அளவில் ஒன்று வேண்டும் என்று ஒரு கனடாத் தம்பதி அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அதை ஓர்விலிடம் சொல்லுகிற அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. சும்மா அந்தப் பக்கம் காற்று வாங்க வந்தவள் மாதிரி வந்தாள். ஓர்வில் ஒரு விலை சொன்னான். அவள் சிரித்தாள். அவன் முகத்தைத் தொங்கப்போட்டான். பேரம் முறைப்படி தொடங்கியது.

குறை சொல்வது வாங்குகிறவரின் கடமை, நம்பாமலிருப்பது விற்கிறவரின் கடமை. டயர் தேய்ந்திருக்கிறது என்றாள் வில்டா. அது டிசைன் என்றான் ஓர்வில். கூரை ஒழுகும் போலிருக்கிறது என்றாள். பாலைவனத்தில் எதற்கு ஒழுகும் என்றான். போன குளிர்காலம் ஓர்விலிடம் இதே மாதிரி ஒரு வண்டி வாங்கும்போது, அதன் தரை உளுத்துப்போய்விட்டது என்று வில்டா சத்தியம் செய்து, கண் கலங்காத குறையாக விலையை இறக்கினாள். மறு வாரமே அந்தத் தரையில் நடனம் ஆடலாம் என்று சொல்லி அதை இன்னொருவர் தலையில் கட்டினாள். அப்போது ஓர்வில் இரண்டு கடை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அதற்காகக் கோபப்படவில்லை. அன்றிலிருந்து அவளை இன்னும் மரியாதையோடு பார்த்தான், ஒரு வார்த்தையையும் நம்பாமல்.

வில்டா வண்டிக்குள் ஏறினாள். குளிருக்காக ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தான். அடுப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. நேற்று அதை முன்னால் இழுத்துப் போட்டுப் பின்பக்கம் வரை தேய்த்ததாகப் பெருமை பேசினான். தேய்த்து முடித்த கையோடு பழைய செம்புச் சுரங்கத்துக்குப் போகும் கரடுமுரடான மண் பாதை வழியாக வண்டியை இழுத்து வந்தானாம், ஒரு கிண்ணம்கூட உருளவில்லையாம். லேசாக அழுகின முட்டை வாடை அடித்தது.

அழுகின முட்டை வாடை பிட்டர் வெல்லில் ஒரு செய்தியே இல்லை. ஊர்க் கிணற்றில் கந்தகம். எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்த வாடைதான். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், நாலாம் நாள் அதே தண்ணீரில் சூப் வைப்பார்கள். வில்டாவும் அதைக் கண்டுகொள்ளாமல் அலமாரிக் கதவை ஆட்டிப் பார்த்து, கீல் தளர்ந்திருப்பதாக ஒரு பழி போட்டாள்.

ஓர்வில் காப்பி போட ஆரம்பித்தான். பேரம் பாதி தாண்டினால் காப்பி போடுவது அங்கே வழக்கம். ஒரு நீலக் கேனிலிருந்து கெட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இந்த வண்டியின் தொட்டியில் ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டு ஏறியதில்லை, தொட்டி காய்ந்து கிடக்கிறது, நாற்றம் என்று சொல்லி விலை குறைக்க அவளுக்கு வழியே இல்லை என்றான்.

அலமாரிக் கதவைப் பிடித்திருந்த வில்டாவின் கை அப்படியே நின்றது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் வாடை எங்கிருந்து வருகிறது?

அவள் வாசலைப் பார்த்தாள். எப்போதும் மேஜைக்கு அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும் கர்னல் இன்று வெளியே மணலில் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து உள்ளே வரமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது, கிழத்துக்குக் கொழுப்பு என்றான் ஓர்வில். வில்டா செருப்பு வாரைச் சரி செய்கிறவள் மாதிரி குனிந்தாள். முழங்கால் உயரத்துக்குக் கீழே வாடை சுள்ளென்று ஏறியது. அடுப்புக்கு வரும் புரொப்பேன் கேஸிலும், கசிந்தால் தெரியட்டும் என்று இதே வாடையைத்தான் கலந்திருப்பார்கள். அது காற்றைவிடக் கனம். தொட்டியில் தண்ணீர் நிறைகிற மாதிரி தரையிலிருந்து மேலே நிறைந்துகொண்டு வரும். அதனால்தான் கேஸ் அலாரத்தைத் தரையோரம் பொருத்தியிருப்பார்கள். இந்த வண்டியிலும் மேஜைக்கு அடியில் ஒன்று இருந்தது. அதன் பச்சை விளக்கு எரியவில்லை.

"அலாரம் ஏன் செத்துக் கிடக்கு?"

"அது ஒரு சனியன். கர்னலுக்குக் காத்து பிரிஞ்சாலே கத்துது. ஒயரைப் பிடுங்கிட்டேன்" என்றான் ஓர்வில். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். ஒரே குச்சியில் பற்றும், பார் என்றான்.

"ஓர்வில், குச்சியைக் கிழிக்காத. கேஸ் கசியுது."

அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. நல்ல பாட்டைக் கேட்கிறவன் மாதிரி தலையை ஆட்டினான். "போன வருஷம் தரை. இந்த வருஷம் கேஸா? முன்னேறிட்ட வில்டா."

விளையாட்டு இல்லை, குனிந்து மோந்து பார் என்றாள். அவன் நின்ற இடத்திலேயே மூச்சை இழுத்தான். விடிந்ததிலிருந்து அந்த வாடையிலேயே உட்கார்ந்திருந்த மூக்குக்கு என்ன தெரியும்? ஊர்க் கிணற்றுச் சென்ட் என்றான். சத்தியம் செய்தாள். போன வருஷமும் செய்தாயே என்றான். அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் அவன் ரசித்தான்.

"சரிம்மா, கசியுது. கசிவுக்கு எவ்வளவு குறைக்கணும்? அதைச் சொல்லு" என்றவன் ஒரு குச்சியை வெளியே எடுத்து விரல்களுக்கு இடையில் உருட்டினான்.

வில்டா ஒரு கணம் யோசித்தாள். பாய்ந்து பிடுங்கலாம், ஓர்வில் மலை மாதிரி ஆள், விளையாட்டாகக் கையை உயர்த்தி அங்கேயே கிழித்தாலும் கிழிப்பான். வெளியே ஓடலாம், அவள் பிழைப்பாள், அவன் பிழைக்க மாட்டான். உண்மை இந்த ஆளிடம் செல்லாது. அதை அவளே போன வருஷம் தரையோடு சேர்த்து விற்றுவிட்டாள். எந்த வியாபாரியையும் நின்ற இடத்தில் நிறுத்தி வைக்கிற ஒன்றே ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது.

"நீ முதல்ல சொன்ன விலையே தரேன்."

குச்சி நின்றது. "எந்த விலை?"

"வாசல்ல வச்சு சொன்னியே, அந்த விலை. எதுவும் குறைக்க வேணாம். கொக்கிக்கு வா."

பிட்டர் வெல்லில் வாய்ப் பேச்சு வியாபாரம் ஆகாது. வண்டியின் முன்னால் போய், காரில் மாட்டுகிற இரும்புக் கொக்கியில் இருவரும் இடது கையை வைத்து, வலது கையைக் குலுக்க வேண்டும். அதற்குப் பிறகு பேச்சு மாறினவனுக்குச் சந்தையில் யாரும் ஓர் ஆணிகூட விற்க மாட்டார்கள். கொக்கிக்குக் கூப்பிட்டவளைக் காக்க வைத்தால் அவள் மனசு மாறிவிடும் என்பது ஓர்விலுக்குத் தெரியும். தீப்பெட்டியைப் பையில் திணித்தான். அவள் திரும்புவதற்குள் படியில் இறங்கி முன்னால் ஓடினான், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு.

வில்டா எந்த சுவிட்சையும் தொடவில்லை. கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு அவன் பின்னால் நடந்தாள். எதிரே தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் ரமோனா கரண்டியும் கையுமாகச் சாட்சிக்கு வந்து நின்றாள். கொக்கி பனியில் ஜில்லென்றிருந்தது. கைகள் குலுங்கின. ரமோனா சிலுவை போட்டுக்கொண்டாள். வில்டா முழு விலை கொடுத்ததைப் பார்த்த முதல் மனுஷி அவள்.

கொக்கிக்குப் பக்கத்திலேயே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள், இரண்டு சிலிண்டர்கள். வில்டா மூடியைத் தூக்கி இரண்டின் வால்வையும் இறுகத் திருகி மூடினாள்.

"இனி இது என் வண்டி. நான் சொல்ற வரைக்கும் உள்ள யாரும் போகக் கூடாது. நீயும்தான்."

வண்டி அவளுடையது. ஓர்வில் வாயைத் திறக்க வழியில்லை. வில்டா எல்லோரையும் ரமோனாவின் கடைக்கும் அப்பால் தள்ளிக்கொண்டு போனாள். ரமோனாவின் அடுப்பையும் அணைக்க வைத்தாள். பாலைவனக் காற்று திறந்த கதவுக்குள் புகுந்து தன் வேலையைச் செய்தது. வெயில் நன்றாக ஏறிய பிறகு, வாடை துளியும் இல்லை என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கிண்ணத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பை மெல்ல நகர்த்தி, பின்னால் செம்புக் குழாய் சேருகிற இடத்தில் நுரையைப் பூசினாள். வால்வைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லி ஓர்விலுக்குக் குரல் கொடுத்தாள்.

குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பின, கொதிக்கிற பால் மாதிரி. மூடச் சொன்னாள். மூடிவிட்டு வந்த ஓர்வில் வாசலில் நின்றபடி அந்த நுரையைப் பார்த்தான். விற்பதற்காகப் பளபளப்பாக்கப்போய் அவனே இழுத்துத் தளர்த்திய குழாய் மரை அது. மிச்சத்தைச் சுரங்கத்து மண் பாதையின் குலுக்கல் பார்த்துக்கொண்டது. பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு முறை பார்த்தான். நடந்து போய் ரமோனாவின் குப்பைக் கூடையில் போட்டான்.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, "விலையைக் குறைச்சுக்கோ" என்றான்.

"முடியாது. கொக்கியில கை வச்சாச்சு."

கால்வாசி குறைத்துக்கொள்ளச் சொன்னான். மறுத்தாள். பாதி என்றான். தலையை ஆட்டினாள். விற்கிறவன் இறங்கி இறங்கி வர, வாங்குகிறவள் அசையாமல் நின்ற பேரத்தைப் பார்க்கச் சந்தையே கூடிவிட்டது. ஓட்டை வண்டிக்கு முழு விலை வாங்கினவன் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று ஓர்வில் கெஞ்சினான். முழு விலை கொடுத்தவள் என்ற பெயரை மட்டும் நான் ஆசைப்பட்டா வாங்கினேன் என்று வில்டா எகிறினாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"விலையில கை வைக்காத. அடுத்து எந்த வண்டிக்குக் குடி போனாலும் அலாரம் புதுசா மாட்டணும், ஒயரைப் பிடுங்கக் கூடாது. நான் வந்து பாப்பேன்."

"கர்னல் இருக்கானே?"

"கர்னலுக்கு பீன்ஸ் போடறதை நிறுத்து."

ஓர்வில் எழுந்து கொக்கியில் கையை வைத்தான். வில்டாவும் வைத்தாள். ஒரே வண்டிக்கு இரண்டு தடவை கை குலுக்கியது அங்கே அன்றுதான்.

மறுநாள் வில்டாவின் கொட்டகைக் கதவில் ஒரு ஜோடி பின்னல் ஊசியும் ஒரு பந்து சிவப்புக் கம்பளி நூலும் தொங்கின. யார் வேலை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை; நூலில் நாய் முடி ஒட்டியிருந்தது. அவற்றை எடுத்து உள்ளே ஆணியில் மாட்டினாள், சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

கேஸ் மெக்கானிக் வந்து மரையை மாற்றி, குழாய் முழுவதையும் அழுத்தம் வைத்துச் சோதித்துக் கொடுத்த பிறகு கனடாத் தம்பதி வண்டியைப் பார்க்க வந்தார்கள். கணவர் விவரமான ஆள். டயரைக் குறை சொன்னார். அது டிசைன் என்றாள் வில்டா. கூரையைச் சொன்னார், பாலைவனத்தில் எதற்கு ஒழுகும் என்றாள். அடுப்புப் பக்கம் ஏதோ வாடை வருகிற மாதிரி இருக்கிறது என்றார், ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தபடி.

வில்டா பேச்சை அப்படியே நிறுத்தினாள். இருவரையும் கீழே இறக்கினாள், சிலிண்டரை மூடினாள், கதவுகளைத் திறந்து போட்டாள், கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். மூட்டு மூட்டாக நுரை பூசி, கணவரைப் பக்கத்தில் குந்த வைத்து, மனைவியிடம் வால்வைத் திறக்கச் சொல்லிக் காட்டினாள். ஒரு குமிழி எழவில்லை. மேஜைக்கு அடியில் பச்சை விளக்கு திடமாக எரிந்தது.

கிண்ணத்தை வெளியே கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கேஸ் வாடைன்னு நீங்க எத்தனை தடவை சொன்னாலும் நம்புவேன். இப்ப அந்த டயருக்கு வருவோம்."