வெளிப்பக்கச் சக்கரம்

என் கணவர் சிதம்பரநாதன் இறந்தபோது கேப்டன் செங்கதிருக்கு ஐம்பத்து நான்கு வயது. தொடர்கதை முடிய இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி இருந்தது.

செங்கதிர் அவர் எழுதிய விண்வெளிக் கதைகளின் நாயகன். தியாகராய நகரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் ஒன்பது ஆண்டுகளாக அவன் வியாழனுக்கும் சனிக்கும் போய் வந்துகொண்டிருந்தான். மற்றத் தொடர்கதை நாயகர்களைப் போல அவன் ஒரே வயதில் நிற்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு ஒரு வயது கூட்டிவிடுவது என் கணவரின் வழக்கம். முதலில் வாசிக்கக் கண்ணாடி வந்தது, பிறகு முழங்கால் வலி. படம் போட்ட நூர் முஹம்மது அதை ஒட்டி காதோரம் கொஞ்சம் நரை வரைந்து கொடுத்தார். ஆசிரியர் பஞ்சாட்சரம் அதை அழிக்கச் சொன்னார். எழுத்தில் கிழவனாகிக்கொண்டே போனவன் படத்தில் மட்டும் இளைஞனாகவே இருந்தான்.

பகலில் என் கணவர் கிண்டிப் பக்கம் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். கதையைத் தம் கையால் எழுதமாட்டார். வரைபடத்தில் எழுதிப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தையும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல எழுதுவார். ஒரு பக்கம் முடிவதற்குள் சோறு ஆறிவிடும். அதனால் மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த போர்ஷனில் அவர் நடந்துகொண்டே சொல்ல, நான் எழுதுவேன். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்களுக்கு என் கையெழுத்துதான் அவருடையது.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். பத்திரிகையின் அட்டை பல வண்ணம் என்பதால் அதை முன்கூட்டியே அச்சடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கதை எழுதப்படும். நூர் முஹம்மது தமக்குத் தோன்றியதை வரைந்துவிடுவார். கதை எப்படியாவது அந்தப் படத்துக்கு வந்து சேர வேண்டும்.

அறுபத்தொன்பதில் நிலாவில் மனிதன் இறங்கினான். அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவர் அங்கே ஒரு குளத்தையும் கரையில் நாணல் காட்டையும் எழுதியிருந்தார். ஆபீஸில் கனகராஜ் என்பவர் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், ஒங்க கொளம் வத்திப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் இவரும் சிரித்தார். பிறகு கதை சொல்வதை நிறுத்திவிட்டார். பத்திரிகையில், உடல்நலமின்மையால் இந்த வாரம் தொடர் இல்லை என்று போட்டார்கள். அடுத்த வாரமும் போட்டார்கள். ஆபீஸிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பஞ்சாட்சரம் வந்து, வாசகர்கள் ஏங்குகிறார்கள் என்றார். எல்லாரும் தப்பு செய்வதுதானே என்று நான் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூர் முஹம்மது ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ராக்கெட்டின் கதவு. அதன் மேல் பெரிய சக்கரம் போன்ற பிடி.

என் கணவர் படுத்தபடியே பார்த்தார். "என்ன வே இது? சக்கரத்த வெளிய வச்சிருக்கீரு?"

"கதவுன்னா பிடி வெளியதானே அண்ணே இருக்கும்?"

"ஆகாசத்துல எவன் வே வெளிய நின்னு தொறப்பான்? பால்காரனா?"

"பால்காரன் வரமாட்டான், சரி. இப்ப இன்னா பண்றது? அட்டை அச்சாயி கட்டுக் கட்டா கீது. வந்து கிழிச்சுப் போடுறியா?"

இவர் எழுந்து உட்கார்ந்தார். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "வெளிய சக்கரம் இருந்தா அது ஏறுதவனுக்கு இல்ல. உள்ள மாட்டிக்கிட்டவன வெளிய எடுக்க வாரவனுக்கு. சும்மா திருப்பினா திரும்பக் கூடாது. அமுக்கிப் பிடிச்சு இடப்பக்கம் திருப்பணும்." என் பக்கம் திரும்பி, "எழுது" என்றார்.

அன்று சாயங்காலமே ஓர் அத்தியாயம் முடிந்தது. அதன்பின் அவர் கதைகளில் ராக்கெட் கதவுக்கு அதுதான் விதி. ஏறுகிறவர்களுக்கு ஏணிப்பக்கம் தனிக் கதவு. வெளிப்பக்கச் சக்கரத்தைத் தொடுகிறவன் மீட்க வந்தவன்.

எழுபத்து நான்கில் செங்கதிர் மனம் விட்டுப்போனான். அவன் கண்டுபிடித்துச் சொன்ன கிரகத்தில், அவனை அனுப்பியவர்களே வேலி போட்டு மனை பிரித்து விற்கத் தொடங்கினார்கள். அவன் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடையாற்றில் கழிமுகம் தெரியும் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். ரேடியோ கேட்பான். தெருவில் யாராவது அடையாளம் கண்டுகொண்டால், "அது எங்க அண்ணன்" என்பான். அந்த அத்தியாயங்களை என் கணவர் தங்குதடையில்லாமல் சொன்னார். நானும் வேகமாக எழுதினேன்.

தீபாவளி மலரோடு கதை முடியவேண்டும், நாயகன் மறுபடி பறக்கவேண்டும் என்று பஞ்சாட்சரம் வீட்டுக்கே வந்து சொன்னார். அட்டை தயாராகிவிட்டது. விண்வெளி உடையில் செங்கதிர் ராக்கெட் கதவில் கை வைத்துச் சிரிக்கிறான்.

"அவன் போவமாட்டான்" என்றார் என் கணவர்.

"போகணும் சார். பண்டிகையும் அதுவுமா ஜனங்களை அழவிட முடியுமா? மனசு மாறினான்னு ஒரு வரி போடுங்க, போதும்."

"ஒரு வரியில மனசு மாறினா அவன் நேத்து வரைக்கும் நடிச்சான்னு ஆயிரும்."

பஞ்சாட்சரம் சிரித்தார். "வாசகருக்கு அவ்வளவெல்லாம் தோணாது."

"எனக்குத் தோணுதே" என்றார் இவர். பிறகு, "எப்படிப் போறான்னு நான் பாத்துக்கிடுதேன், விடுங்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எப்படிப் போறான் என்பதைப் பற்றி எங்கேயும் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அவருக்குக் கதை வாயில்தான் இருந்தது.

இரண்டு வாரம் தொடர் இல்லாமல் பத்திரிகை வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பஞ்சாட்சரம் வந்தார். கூட நூர் முஹம்மது. ஆசிரியர் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து சில தாள்களை எடுத்தார். கடைசி இரண்டு அத்தியாயங்களையும் அவரே எழுதிப் பார்த்திருக்கிறார். படித்துக் காட்டினார். செங்கதிர் கடற்கரையில் சூரியன் உதிப்பதைப் பார்க்கிறான். கண்ணீர் பெருகுகிறது. 'கடமை என்னை அழைக்கிறது' என்கிறான். பறக்கிறான்.

"அவர் பேர்லதான் வரும்மா. அவருக்கு ஒரு மரியாதை மாதிரி இருக்கும்."

நூர் முஹம்மது குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு அப்போது அந்தக் கண்ணீர்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒன்பது வருடத்தில் செங்கதிர் எத்தனையோ அடிபட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இது அச்சாகிவிட்டால் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று ஆகிவிடும். மறுத்துச் சொல்ல அவர் இல்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுங்க. நான் எழுதிப் பார்க்கிறேன்" என்றேன்.

பஞ்சாட்சரம் என்னைப் பார்த்தார். எழுதத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். "அவன் பறக்கணும்மா. அட்டையில இருக்கு" என்று மட்டும் சொன்னார். அட்டையின் பிரதி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுதியதும் முதலில் சரியாக வரவில்லை. பக்கத்து அறையில் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று எழுதினேன். குழந்தையைக் காப்பாற்றுகிறவனுக்கு ராக்கெட் எதற்கு? பழைய நண்பன் ஒருவனை வரவழைத்துப் பேசவைத்தேன். அவன் பேசப் பேச, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரிடம் நான் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. நல்ல பேச்சுதான், பயன்தான் இல்லை. கிழித்துப் போட்டேன். மாடிக் குடித்தன முத்தம்மா எட்டிப் பார்த்து, "பேப்பரு இன்னாத்துக்கு இப்டி கிழிக்கிற? அடுப்புக்காவது குடேன்" என்றாள். கொடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அட்டையை எடுத்துச் சாவகாசமாகப் பார்த்தேன். அதுவரை முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. அதன் மேல் சக்கரம். செங்கதிர் வெளியே நின்று அதைப் பிடித்திருந்தான். நூர் முஹம்மது பழைய பழக்கத்தில் வரைந்துவிட்டார். ஏறப்போகிறவன் என்று நினைத்துத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் எங்கள் கதையில் வெளிப்பக்கச் சக்கரத்தைத் தொடுகிறவன் ஏறுகிறவன் இல்லை.

அதன்பின் நிற்காமல் எழுதினேன்.

சனியிலிருந்து திரும்பும் ராக்கெட் ஒன்று பாலவாக்கத்தில், சவுக்குத் தோப்பை அடுத்த மணலில் சாய்ந்து இறங்கிவிடுகிறது. உள்ளே நான்கு பேர். ஏணிப்பக்கக் கதவு மணலில் புதைந்துவிட்டது. சுற்றிலும் விஷவாயு கசிகிறது. மேல்கதவின் சக்கரம் திரும்பவில்லை, அறுத்தெடுக்கப் போகிறார்கள். இதை அடையாற்று அறையில் செங்கதிர் ரேடியோவில் கேட்கிறான். அவனுக்கு உலகத்தின் மேல் எந்த நம்பிக்கையும் திரும்பவில்லை. வேலி போட்டவர்களை அவன் மன்னிக்கவும் இல்லை. 'முட்டாள்களா, அமுக்கிப் பிடித்துத் திருப்பவேண்டும்' என்று ரேடியோவிடம் சொல்கிறான். ரேடியோவுக்குக் கேட்கவில்லை. தொலைபேசி செய்கிறான், யாரும் எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். வாயுவுக்காகப் பழைய விண்வெளி உடையைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடுப்பில் அது மூடவில்லை. பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறார்கள். அவன் அமுக்கிப் பிடித்து இடப்பக்கம் திருப்புகிறான்.

உள்ளிருந்து ஒருவன் மைக்கில், "யார் சார் அது?" என்று கேட்கிறான். அவர்களில் யாருக்கும் இவனைத் தெரியவில்லை. அதற்குத்தான் செங்கதிர் சிரிக்கிறான். கதவு திறந்ததும் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறான். மறுநாள் காலை பயிற்சிக்கூடத்து வாசலில் போய் நின்று, கதவு திறக்க யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்கிறான். கதை அங்கே முடிகிறது.

வெள்ளிக்கிழமை பஞ்சாட்சரம் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே முழுவதும் படித்தார். "அவன் பறக்கவே இல்லையேம்மா."

"உங்க அட்டையில அவன் வெளியேதானே நிக்கறான்?"

"ஏறப்போறான்னு அர்த்தம்."

"ஏறுறவங்க அந்தச் சக்கரத்தைத் தொடமாட்டாங்க. அஞ்சு வருஷமா உங்க பத்திரிகையிலேயே வந்துக்கிட்டிருக்கு."

அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். நூர் முஹம்மதுவைப் பார்த்தார். "என்ன வரைஞ்சீங்க நீங்க?"

"நான் கதவு வரைஞ்சேன் சார்" என்றார் நூர் முஹம்மது. "தொறக்கறதுக்கு கதவு, ஏர்றதுக்கு கதவுன்னு எனக்கு இன்னா தெரியும்? அண்ணி சொல்றது நாயமாத்தான் கீது."

"இவ்வளவு வெறுத்துப்போனவன், கதவைத் தப்பா உடைக்கிறாங்கன்னா எழுந்து வருவான்? யாரு நம்புவா?"

"வந்தாரே" என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நூர் முஹம்மதுக்கு உடனே புரிந்துவிட்டது, தப்பான கதவைப் பார்த்து இவர் எழுந்து உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரில் இருந்தவர். எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். பஞ்சாட்சரம் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். "இதை அவர் சொல்லிட்டுப் போனாரா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"சக்கரத்தைப் பத்தி அவர்தான் சொன்னார்" என்றேன்.

முதல் பாதி அந்த வாரம் வந்தது. முடிவு, தீபாவளி மலரில் ஒரு சொல் மாறாமல் வந்தது. பறக்காத கேப்டனுக்கு எதற்குத் தொடர்கதை என்று திட்டிப் பலர் எழுதினார்களாம். நன்றாக இருந்தது என்றும் சிலர். இரண்டையும் பஞ்சாட்சரம் எனக்கு அனுப்பவில்லை. நூர் முஹம்மது வாய் வழியாகத்தான் தெரியும்.

மூன்று வருடம் கழித்து, தியாகராய நகரில் ஒரு வாடகை நூலகத்தில் ஒருவர் கையில் அந்தக் கதையைப் பார்த்தேன். வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதி. பைண்டு செய்தவர் தீபாவளி அட்டையைத்தான் அழகாக இருக்கிறதென்று முதல் பக்கமாக வைத்துத் தைத்திருந்தார். அதனால் படிக்கிறவர்கள் எல்லாரும் செங்கதிர் ராக்கெட்டில் ஏறப்போகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள்.

அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பக்கத்திலிருந்த ஜவுளிக்கடையில் வேலை என்று சட்டைப்பையில் தொங்கிய அளவு டேப் சொன்னது. நூலகக்காரரிடம் புத்தகத்தை நீட்டும் முன், கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு முன்னால் புரட்டி அட்டையைப் பார்த்தார். விரலால் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்படி அண்ணாச்சி, நம்பற மாதிரி இருக்கா?" என்று நூலகக்காரர் கேட்டார். "நெறைய பேரு முடிவு சப்புனு இருக்குன்றாங்க."

"முடிவெல்லாம் சரிதான். மனுசன் அப்படித்தான் போவான்" என்றார் அவர். அட்டையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பத்தி நாலு வயசுக்காரனுக்கு ஒரு முடி கூடவா நரைக்கல? அதத்தான் நம்ப முடியல."

நான் என் புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நூர் முஹம்மதுவை அடுத்த முறை பார்க்கும்போது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னேன்.

"கேட்டியா அண்ணி, நான் அன்னிக்கே வரைஞ்சேன்" என்றார்.