அக்காவின் அறைக் காற்று

தார் உருகிச் செருப்பில் ஒட்டிய ஒரு கோடையில், பல்செட்டுக்காரி தன் காருக்குத் தானே செய்து மாட்டிய காற்றுக்குழாயில் உறைபனி பிடித்தது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் படிவதுபோல வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும் பனி. அவள் சுரண்டிப் பார்த்தாள், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். பனிதான் என்று உறுதியானதும் பானெட்டை மூடினாள். அன்று மாலைக்குள் ஒரு முழுப் பல்செட்டை மெருகு போட்டுக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகிலும் பிளாஸ்டர் மாவிலும் அச்செடுத்துப் பொய்ப்பல் கட்டுவது அவளுடைய தொழில். நகரத்தில் பாதிப் பேருடைய வாய் அவளுக்கு அத்துப்படி, முகம் ஒன்றுகூடத் தெரியாது. அவள் செய்த பற்களால் சிரிப்பவர்கள் தெருவில் அவளைத் தாண்டிப் போனார்கள். கணவன் ஒருநாள் சட்டைக்குப் பட்டன் வாங்கப் போனவன் போனவன்தான். அதன்பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்து, பிறகு அறவே இல்லாமல் போய், தண்ணீர்க் குழாய் சொட்டுவதுகூட ஆள் வந்ததுபோல் கேட்க ஆரம்பித்தது. அந்த நாட்களில்தான் மருத்துவர் தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போவதாகச் சொன்னார். வயசில் ஆசைப்பட்டு வாங்கியது, இப்போது முதுகு வளைந்து உள்ளே நுழைய முடியவில்லை, வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். தனியாக இருப்பவளுக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று தெரு ஒரு வாரம் அவளை வாயில் போட்டு மென்றது. காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். மற்ற கார்களில் காலி இருக்கை அதிகம்.

வெயில் ஏறியதும் கார் மேம்பாலத்தில் இளைக்கத் தொடங்கியது. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இஞ்சின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டிக் காட்டினார்.

"இது வழியாத்தான் வண்டி மூச்சு விடுதும்மா. இஞ்சின் சூட்டுலயே வெந்த காத்தைத் திரும்ப இழுத்தா எப்படி ஓடும்? சூட்டுக் காத்துல சத்தே கிடையாது. வெளியிலிருந்து குளிர்ந்த காத்து வர்ற மாதிரி ஒரு குழாய் போட்டா வண்டி பறக்கும்."

"கடையில கிடைக்குமா?"

"கிடைக்கும். அதை வாங்கணும்னா காரை வித்துட்டுத்தான் வாங்கணும்."

அவள் வீட்டுக்குப் போய், கழிவுநீருக்குப் போடும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயின் மிச்சத் துண்டையும் முழங்கை வளைவுகளையும் எடுத்துவந்தாள். மெக்கானிக்கின் பழைய சாமான் குவியலில் ஒரு கூம்பு வடிகட்டி கிடைத்தது. மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கில் குழாயை வாட்டி, இஞ்சினைத் தொடாமல் வளைந்து இறங்கி முன் பம்பரின் கீழ் வாய் திறக்குமாறு அமைத்தாள். சூடு தாக்காதிருக்க நடுவில் ஓர் அலுமினியத் தட்டைத் தடுப்பாக வெட்டி வைத்தாள். காற்றை அளக்கும் சென்சார் உட்கார ஓட்டை போட்டபோது இடைவெளி விழுந்தது. பொய்ப்பல்லுக்கு ஈறு கட்டும் இளஞ்சிவப்புப் பசையால் அதை அடைத்துத் தேய்த்தாள். வேலை முடிந்தபோது காருக்கு ஓர் ஈறு முளைத்திருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, பல் மட்டும்தான் பாக்கி என்றார்.

கார் பறந்தது உண்மை. ஆனால் மறுநாளே பனி பிடித்தது. வாசலில் காரை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டால் பானெட்டின் இடுக்குகளிலிருந்து குளிர் வழிந்து தெருவில் கணுக்கால் உயரத்துக்குத் தேங்கியது. முதலில் நாய்கள் வந்து படுத்தன. பிறகு எதிர்வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்தார். அடுத்த வாரத்தில் காரைச் சுற்றித் தெருவே உட்கார்ந்து காய் நறுக்கியது, பேப்பர் படித்தது, சம்பந்தம் பேசியது. யாரும் அவளை வா, உட்கார் என்று கூப்பிடவில்லை. வண்டியை அணைக்கப் போனால் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே என்றார்கள். அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, தன் வீட்டு வாசலில் நடக்கும் கூட்டத்தை அழைக்கப்படாத விருந்தாளிபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவள் மெக்கானிக்கிடம் கேட்டாள். எங்கிருந்து இழுக்கணும்னு நாம குழாய்க்குச் சொல்லலையே, அது பாட்டுக்கு இழுக்குது என்றார். அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு காலை, தெரு வந்து சேருமுன், வடிகட்டியைத் துடைக்கக் கழற்றியபோது அவளுக்கு ஒரு வாசனை அடித்தது. கொதிக்கவைத்த படுக்கை விரிப்பும் கஞ்சியும் நெஞ்சில் தேய்க்கும் தைலமும் கலந்த வாசனை. அப்படி வாசனை அடிக்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளுடைய அக்கா கடல் தாண்டி, இங்கே கோடையென்றால் அங்கே குளிர்காலமாக இருக்கும் ஒரு நாட்டில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கல்யாணத்தன்று மணமேடையிலேயே, நாலு பேர் காதில் விழும்படி, இவன் நிலைக்க மாட்டான்டி என்று சொன்னவள். அன்றோடு பேச்சு நின்றது. சொன்னபடியே அவன் நிலைக்காமல் போனபிறகு பேசுவது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது.

அவள் வடிகட்டியைத் திரும்ப மாட்டி இஞ்சினை ஓடவிட்டு, பம்பருக்குக் கீழே தரையில் படுத்துக் குழாய் வாயில் காதை வைத்தாள். முதலில் உஸ் என்ற சத்தம் மட்டும். பிறகு கெட்டில் மூடி ஆடும் சத்தம். பிறகு இருமல். பிறகு, பேச ஆளில்லாதவர்கள் பேசும் அந்தத் தட்டையான குரலில் அக்கா கெட்டிலிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"கொதிச்சுத் தொலையேன். ஹீட்டரும் கெட்டுப்போச்சு, வீட்டுக்காரன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்குறான். நீயும் இழுக்குறியா? அங்க ஒருத்தி ஜம்முனு புருஷனோட ஊர் சுத்திக்கிட்டு இருப்பா. நல்லா இருக்கட்டும். நமக்கு நீதான்."

"அக்கா" என்று அவள் குழாய்க்குள் கூப்பிட்டாள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன சொல் அவள் முகத்திலேயே சில்லென்று திரும்பி மோதியது. நாற்காலியோடு வந்த எதிர்வீட்டுக்காரர், வண்டியில் ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக் காலை மட்டும் விலக்கி வைத்துக்கொண்டார்.

இப்படியே நாட்கள் போயின. அவள் தினமும் தரையில் படுத்து அக்காவைக் கேட்டாள். அக்கா பல் தேய்ப்பது, பட்டன் தைக்கும்போது ஊசியைத் திட்டுவது, தும்மிவிட்டுத் தனக்குத்தானே நூறு வயசு என்று சொல்லிக்கொள்வது எல்லாம் கேட்டது. இருமல் ஏறிக்கொண்டே போன ஒரு நாள், அவள் தாங்க மாட்டாமல் போனை எடுத்தாள். படுத்த வாக்கிலேயே நம்பரை அழுத்தினாள். குழாயில் முதலிலும் காதில் பிறகுமாக மணி அடித்தது.

"அவர் போயிட்டாருக்கா" என்றாள், வேறெதுவும் சொல்லாமல். "போய் ரொம்ப வருஷமாச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அன்னைக்கே சொன்னேன்ல என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருஷம் அதற்குப் பயந்துதானே போனைத் தொடாமலிருந்தாள்.

"சாப்ட்டியா?" என்றாள் அக்கா.

இஞ்சின் சத்தத்தில் தன் குரல் உடைவது தெரியாது என்றாலும், அவளுக்கு அக்காவை இன்னும் நன்றாகக் கேட்கவேண்டும்போலிருந்தது. எழுந்து, கார் ஜன்னல் வழியாக எட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"இருடி, போர்வையை எடுத்துக்கிறேன்" என்றாள் அக்கா. "இந்த ரூம் ஒரு மாதிரி பண்ணுது. கொஞ்ச நாளா ஹீட்டர் இல்லாமலே கதகதன்னு இருக்கு, திடீர்னு குளிருது. இப்பப் பாரு, சட்டுனு விட்டுப்போச்சு."

"அது நான்தான்கா. என் வண்டி உன் ரூம் குளிரை இங்க இழுக்குது."

அக்கா சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் நீராவியோடு பழகியவள். வெப்பம் ஓரிடத்தில் கூடினால் இன்னோர் இடத்தில் குறையும் என்பது அவளுக்குப் புதிய சங்கதி இல்லை.

"அப்ப ஏன்டி அணைச்ச? போடு வண்டிய."

அதன்பிறகு சில வருஷங்கள் அந்த ஏற்பாடு நடந்தது. காலையில் அக்கா எழுந்திருக்கும் நேரம் பார்த்து அவள் வண்டியைப் போட்டாள். அக்காவின் ஜன்னலில் பனி கரைந்தது. இருமல் அடங்கியது. இங்கே குளிர்காலம் வந்தபோது அங்கே கோடை வந்தது, குழாய் அனலைக் கக்கியது, நாற்காலிகள் வீட்டுக்குள் போயின, கார் மேம்பாலத்தில் முன்னைவிட மோசமாக இளைத்தது. கழட்டிருங்கம்மா, பழைய டப்பாவே தேவலாம் என்றார் மெக்கானிக். அக்காவுக்கு அங்க வேகுதுங்க என்றாள் அவள். அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு, தளர்ந்திருந்த கிளாம்ப்பை முறுக்கிக் கொடுத்தார். அக்காவை வந்துவிடச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டாள். வந்தா ரெண்டாம் நாளே குடுமிப்பிடி, இப்படியே நல்லாத்தான் இருக்கு என்று அக்கா தட்டிக்கழித்தாள். அது உண்மைதான் என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால் பேச்சு வானிலைக்குத் திரும்பியது. காரின் இரண்டாவது இருக்கையில் பல்செட்டுப் பெட்டிகள் சவாரி செய்தன.

ஒரு கோடைக் காலையில் வண்டியைப் போட்டுவிட்டுப் படுத்தபோது கெட்டில் சத்தம் கேட்கவில்லை. அறை சூடாகும் அளவுக்கு இஞ்சின் ஓடியும் இருமல்கூட வரவில்லை. அவள் போன் செய்தாள். குழாய்க்குள் அக்காவின் போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. மறுபடி செய்தாள், மறுபடி அடங்கியது. வெகுநேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தமும், பூட்டைத் திறக்கும் சத்தமும், அந்த நாட்டுப் பாஷையில் இரண்டு குரல்கள் தணிவதும் கேட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்படி தகவல் வந்தது மறுநாள்தான். அதுவரை அவள் வண்டியை அணைக்கவில்லை. அக்காவைக் குளிரில் விட மனசு வரவில்லை. நாற்காலியோடு வந்தவர்கள் அவள் தரையில் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு அன்று நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்ரோல் தீர்ந்து இஞ்சின் திக்கியபோது மெக்கானிக் கேனில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார்.

பிறகு குழாயில் வெறும் குளிர் வந்தது. கஞ்சி வாசனை மெல்ல மெல்லப் போய், சுண்ணாம்படித்த வாசனை வந்தது. காலி அறை ஒன்றைச் சூடாக்கி யாருக்கு என்ன லாபம் என்று எதிர்வீட்டுக்காரர்கூட ஒருமுறை கேட்டார், தான் அனுபவித்த குளிரை மறந்து. ஆனாலும் காலையானால் கை சாவிக்குப் போனது.

அடுத்த கோடையின் தொடக்கத்தில் பெட்டியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் புதிதாகக் குடிவந்திருந்தான். சின்ன வயசுக் குரல். என்ன பாஷை என்று அவளுக்குப் புரியவில்லை. பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு அதனிடமே ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினான். பிறகு தொடர்ந்து தும்மினான். ஹீட்டர் இன்னும் சரிசெய்யப்படவில்லை போலிருந்தது. அவள் உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து பம்பருக்கு முன்னால் விரித்துக்கொண்டாள். தும்மல் இடைவெளிவிட்டு வந்தது, பிறகு நின்றது. பல்லில் பல் மோதுவது ஓய்ந்து அவன் மெதுவாக ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தான். கணக்குப் படிக்கிறானா, யாரையாவது நினைக்கிறானா என்று தெரியவில்லை. அவள் கால் பக்கத்தில் குளிர் தேங்கத் தொடங்கியது. நூறு வயசு என்று குழாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் எத்தனை மணிக்கு வெளியே கிளம்புவான் என்பது பிடிபடும்வரை வண்டி ஓடட்டும் என்று படுத்திருந்தாள்.