அப்படியே சொல்லும் அன்ரி

ஒருவர் சொன்னதை மற்றவருடைய மொழியில் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே உரைபெயர்ப்பாளரின் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் மெல்பேர்ண் நீதிமன்றங்களில் அதைச் செய்தேன். அறுபத்தெட்டாவது வயதில், கிளென் வேவர்லி ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு சிறுவர் உளவளச் சிகிச்சை அறையிலும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஜெனோஜாவுக்கு ஏழு வயது. கணவரை இழந்த அவளுடைய தாய் கத்தரின், மகளை மன்னாரில் தன் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலைக்கு வந்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து விசா கிடைத்ததும் மகளை அழைத்துக்கொண்டார். பிள்ளை வந்து நான்கு மாதங்களாகியும் தாயுடன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சின்னம்மாவுடன் மட்டும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில் பேசுவாள். எங்களுக்கு ஆறு அமர்வுகள் கிடைத்திருந்தன. அவற்றுள் நான்கு மௌனத்திலேயே முடிந்துவிட்டன. ஆறும் அப்படிப் போனால், மருத்துவமனைப் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

“என்னை மறந்திட்டாளா எண்டு மட்டும் அறிஞ்சு சொல்லுங்கோ அன்ரி” என்று, வயதில் மூத்த பெண்ணை எங்களவர் அழைக்கும் முறையில், கத்தரின் படிக்கட்டில் என்னிடம் கேட்டார். சிகிச்சைக்கு வருபவர்களுடன் அறைக்கு வெளியே தனியாகப் பேசுவது உரைபெயர்ப்பாளருக்குத் தடை. நான் படியேறினேன்.

சிகிச்சையாளர் ஹெலன் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதில்லை. விடை தெரிந்த கேள்விகளைப் பெரியவர்கள் போதிய அளவு கேட்டுவிட்டார்கள் என்பது அவர் கருத்து. தரையில் உட்கார்ந்து, தமக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைப் பற்றி உரக்க யோசிப்பார். ஒட்டகச்சிவிங்கி எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்கும் என்று ஒருநாள் ஒரு முழு நிமிடம் யோசித்தார். படித்த பெண்ணுக்கு இது தேவையா என்று எண்ணிக்கொண்டே அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

ஐந்தாம் அமர்வில் ஜெனோஜா பொம்மை வீட்டை மணலில் வைத்து, ஒரு முதலையை வாசலுக்கு வெளியே நிறுத்தினாள். அது ஏன் உள்ளே போகாமல் நிற்கிறது என்று ஹெலன் உரக்க யோசித்தார்.

“இந்த முதலை ஏன் உள்ளுக்குப் போகாமல் நிக்குதெண்டு யோசிக்கிறன்” என்றேன் நான்.

பிள்ளை ஹெலனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அன்ரி, நீங்க உண்மையா யோசிக்கிறீங்களா?”

ஐந்து வாரங்களில் அந்த அறையில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. நான் அதை ஆங்கிலத்தில் ஹெலனுக்குச் சொன்னேன். யோசிப்பவர் தாமென்றும், யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே மாற்றிச் சொல்வதுதான் அன்ரியின் வேலையென்றும் ஹெலன் விளக்கினார்.

“எதைச் சொன்னாலுமா?”

“ஓம். எதைச் சொன்னாலும்” என்று ஹெலனின் பதிலைச் சொன்னேன்.

அவள் என் முகத்தைக் கண்களால் அளந்தாள்.

“அன்ரிக்கு மீசை இருக்கு.”

அதை நான் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“நான் சாணி தின்னுற முதலை.”

அதையும் சொன்னேன்.

“ஊ… ஊ… ஊ!”

நான் நிறுத்தினேன். இதற்கு மொழிபெயர்ப்பு உண்டா என்று ஹெலனிடம் கேட்டேன். தமக்கும் அதை அறிய மிகுந்த ஆவல் என்றார் அவர். எத்தனையோ நீதிபதிகளின் முன் நின்ற நான், கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, “ஊ… ஊ… ஊ” என்றேன்.

பிள்ளை மணலில் புரண்டு சிரித்தாள். வெளியே காத்திருப்போருக்கான நடையில் ஒரு கதிரை நகரும் ஒலி கேட்டது. கத்தரின் எழுந்திருக்க வேண்டும். ஜெனோஜா சிரிப்பை நிறுத்திக் கதவையே பார்த்தாள்.

“அன்ரி, அம்மாவுக்கும் நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீங்களா?”

அம்மாவுக்குத் தமிழ் தெரியுமே என்று சொல்ல வேண்டியது என் வேலையன்று. கேள்வியை ஹெலனிடம் ஒப்படைத்தேன். ஹெலன் எழுந்து கதவைத் திறந்தார்.

கத்தரின் தரையில், முதலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை என் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். தமிழைத் தமிழிலேயே சொல்லும்படி இதுவரை எவரும் என்னைக் கேட்டதில்லை.

“சின்னம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் கடதாசியில என்ர காலை வச்சுச் சுத்திவரக் கீறி உங்களுக்கு அனுப்பினவ” என்றேன். “காலில போட அந்த அளவுக்குச் சப்பாத்து ஏன் வரேல்லை?”

கத்தரின் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மகளை.

“அது சப்பாத்துக்கில்லையம்மா…”

ஜெனோஜா காதுகளைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்ன பிறகே கைகளை எடுத்தாள்: “அது சப்பாத்துக்கில்லையாம்.”

பிழை. ‘ஆம்’ என்ற ஒட்டு என்னுடையது. திருத்திச் சொன்னேன்: “அது சப்பாத்துக்கில்லையம்மா.”

மீண்டும் காதோடு குசுகுசுப்பு.

“அப்ப எதுக்கு?” என்றேன்.

ஹெலனுக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு கத்தரினையே பார்த்திருந்தார். அவருக்கு அது உண்மையாகவே தெரியாது. எனக்கும் தெரியாது. வேலை நேரத்தில் ஒரு விடையை அறிய நான் அவ்வளவு விரும்பியதில்லை.

“போனில முகத்தைப் பார்க்கலாம்” என்றார் கத்தரின். “எவ்வளவு வளந்திட்டாய் எண்டு விளங்காது. எல்லாம் விரல் அளவிலதானே தெரியும். கால் மட்டும் உள்ள அளவில வந்துது. வேலையால வந்து அதில கையை வச்சுப் பார்ப்பன். முதல் வருசம் என்ர கைக்குள்ள அடங்கினது. பிறகு அடங்கேல்லை.”

நான் அதை வரிக்கு வரி திருப்பிச் சொன்னேன். பிள்ளை தன் வலக் காலுறையைக் கழற்றிப் பாதத்தை உற்றுப் பார்த்தாள்.

“அந்தக் கடதாசியெல்லாம் இப்ப எங்க?”

அதையும் திருப்பிச் சொன்னேன்.

“என்ர அலுமாரிக் கதவின்ர உள்பக்கம். ஒட்டி வச்சிருக்கிறன். ஒம்பது கால்.”

“எந்த அலுமாரி? மண்ணிறமா, வெள்ளையா?”

கத்தரின் முன்போலவே என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். அப்போதுதான் கவனித்தேன். கடைசி இரு கேள்விகளும் என் காதோடு குசுகுசுப்பாக வரவில்லை. அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தன. பிள்ளையின் காதுகளிலும் கைகள் இல்லை.

“அவள் உங்களைத்தான் கேட்டவள்” என்றேன்.

அந்த வாக்கியத்தை அந்த அறையில் எவரும் என்னிடம் தரவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அறிந்தே கூட்டிச் சொன்னது அது ஒன்றுதான்.

“வெள்ளை” என்றார் கத்தரின். “வா மகள், போய்ப் பார்ப்பம்.”

அமர்வு முடியப் பன்னிரண்டு நிமிடம் மீதியிருந்தபோதே அவர்கள் புறப்பட்டார்கள். ஒற்றைக் காலுறையோடு கதவு வரை போன ஜெனோஜா திரும்பினாள்.

“அன்ரி, அந்த ‘ஊ… ஊ…’ நீங்க சொன்னதா, நான் சொன்னதா?”

ஹெலனும் என்னைப் பார்த்தார். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதை இரு மொழிகளிலும் சொன்னேன்.